முத்துக்குளித்துறையின் தமிழ்த் தூதர்

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவுக்கு வருவது இயல்பு. தேசபக்தர்களுக்கு அவற்றோடு கப்பலும் நினைவுக்கு வரும். 1906-ம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து, அன்னியக் கம்பெனியின் ஏகபோகத்துக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிய வரலாற்றை நம் நேயர்களுக்கு நாம் விரித்துக் கூற வேண்டியதில்லை. அத்துறைமுகத்திலிருந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னர், வேறொரு சரக்கு கடல் கடந்து செல்லத் தொடங்கிற்று. அதைப்பற்றி அறிந்தவர்கள் நம்மிடையே சிலரே. அச்சரக்கு ஒரு காலாண்டுப் பத்திரிகை. பெயர் 'தமிழ் கல்ச்சர்'. ஆங்கில பாஷையில் எழுதப்பெற்று, தமிழரின் இலக்கியத்தையும் வரலாற்றையும் பிற நாட்டு அறிஞர்கள் முன் வைத்த அப்பத்திரிகை 1952-ம் வருஷத்தில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் பேரால் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் தனிநாயகம் அடிகளார். அவர் 1980-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி காலமானார். அவருடைய வாழ்க்கையை இன்று நாம் எடுத்துச் சொல்வது வெறும் புகழுரைக்காக அன்று. ஒரு சர்வகலாசாலை எதற்காக இருக்கிறது என்னும் கேள்விக்கு அவ்வாழ்க்கையில் விடை இருக்கிறது என்பதாலேயே சொல்கிறோம்.

அடிகளார் பிறந்தது 1913-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறையில். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரியிலும், பிறகு கொழும்பில் குருமாணவர் பள்ளியிலும் பயின்று, 1934-ல் மேற்படிப்புக்காக ரோமாபுரி சென்றார். அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற மற்ற இளைஞர்களைப் போலவே அவருக்கும் தாய்மொழியில் ஆழ்ந்த பயிற்சி இருக்கவில்லை. லத்தீனும் இத்தாலியமும் கற்றுத் தேர்ந்தார். ஐரோப்பியக் காவியங்களில் தோய்ந்தார். சங்க நூல்களோ அவருக்கு இன்னும் தூரத்தில் இருந்தன. 1938-ல் குருப்பட்டம் பெற்றார். அடுத்துத் தாயகம் திரும்பியபோது அவர் பணி செய்ய வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணம் அன்று; தூத்துக்குடி மறைமாவட்டம். 1923-ல் ஏற்பட்ட அம்மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. வெள்ளையர் ஆண்ட அந்நாளில், இந்நாட்டவர் ஒருவரின் தலைமையில் ஒரு மறைமாவட்டம் நடந்தது பெரிய செய்தி என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியப் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது. ரோமாபுரியில் பட்டம் பெற்று வந்தவர், முப்பது வயதை நெருங்கும் பருவத்தில், ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணாக்கராக அமர்ந்து இலக்கண இலக்கியம் கற்கலானார். நமது படித்த வகுப்பாரிடம் அரிதாகக் காணப்படும் குணம் இது. தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும், தம்மினும் குறைந்த சம்பளம் பெறும் பண்டிதர் முன்னே ஏட்டை விரித்து வைப்பதும் எல்லோருக்கும் இயலக்கூடியவை அல்ல. அதன் பிறகு 1945-ல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் சேர்ந்து தமிழில் எம். ஏ. பட்டமும், தொடர்ந்து ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். சங்கச் செய்யுளில் இயற்கை எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே அவரது ஆராய்ச்சிப் பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் மனித உள்ளத்தையும் ஒருங்கு வைத்துப் பாடிய மரபைக் கிரேக்க, லத்தீன் கவிகளோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூலைத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே பிரசுரித்தது.

அக்கழகம் அடிகளாரின் முயற்சியால் எழுந்ததாகும். பெரிய மாளிகையோ சர்க்கார் மானியமோ கொண்டு எழுந்த ஸ்தாபனம் அன்று அது. துறைமுகப் பட்டணம் ஒன்றில், உப்பளங்களுக்கும் தோணித்துறைக்கும் நடுவே, தமிழில் நல்ல நூல்களை வெளியிட வேண்டும், தமிழைப் பற்றிப் பிற பாஷையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களோடு அது இயங்கிற்று. தூத்துக்குடியில் அந்நாளில் சர்வகலாசாலை இருக்கவில்லை. ஆயினும் ஒரு சர்வகலாசாலை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை அச்சிறு கழகம் செய்தது.

இதனிடையே அடிகளார் உலகப் பிரயாணம் புறப்பட்டார். 1949-ஐத் தொடர்ந்த வருஷங்களில் மலாயா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல தேசங்களிலும் தமிழைப் பற்றி உபந்நியாசங்கள் நிகழ்த்தினார். அவர் கண்டது என்ன? இந்தியாவின் பழம் பெருமை என்றால் அது வடமொழி நூல்களில் மாத்திரமே அடங்கியது என்று மேனாட்டுச் சர்வகலாசாலைகள் எண்ணிக் கொண்டிருந்தன. அதற்கு அவர்கள் மேல் மட்டும் குற்றம் சுமத்த அடிகளார் விரும்பவில்லை. நாம் சொல்லாததை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? நமது நூல்களை நாமே நமக்குள் பாராட்டிக் கொண்டிருந்தோமேயன்றி, அவர்கள் படிக்கும் பாஷையில், அவர்கள் ஒப்பும் ஆதாரங்களோடு எடுத்து வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே 'தமிழ் கல்ச்சர்' பிறந்தது. பிரான்ஸ் தேசத்துப் பிலியோசா, செக்கோஸ்லோவாகியாவின் கமில் சுவெலபில் போன்ற அறிஞர்கள் அதில் எழுதினர்.

அடிகளாரின் ஆராய்ச்சிகளில் முத்துக்குளித்துறையோடு நெருங்கிய தொடர்புடையது ஒன்றுண்டு. அதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் இக்கரையில் அதிகாரம் செலுத்திய காலத்தில், அண்டிரிக் அடிகள் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் 1547-ல் இங்கு வந்தார். புன்னைக்காயல் முதலிய ஊர்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் பரதவ மக்களோடு வாழ்ந்து, தமிழைக் கற்றுத் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவர் இயற்றுவித்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அடியார்களின் வரலாற்றைக் கூறும் அவரது பெருநூல் 1586-ல் அச்சேறியது. அச்சு வேலைக்கு வேண்டிய பொருளை உதவியவர்கள் யார்? மூச்சை அடக்கிக் கடலடியில் மூழ்கிச் சிப்பி எடுத்து வாழ்ந்த இக்கரைப் பரதவர்களே. ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றி நூற்றைம்பது வருஷம் முற்றுப் பெறுவதற்குள், நம் நாட்டுக் கடற்கரை மக்கள் தங்கள் உழைப்பின் பயனைத் தமிழ்ப் புத்தகம் அச்சிடக் கொடுத்தார்கள்.

இத்தகைய நூல்கள் காலப்போக்கில் நம் நாட்டிலிருந்து மறைந்தன. பிரதிகள் தூர தேசத்து நூல்நிலையங்களில் போய்ச் சேர்ந்து உறங்கின. அடிகளார் ஐரோப்பாவின் நூல்நிலையங்களில் அவற்றைத் தேடிச் சென்றார். லத்தீன், இத்தாலியம், போர்த்துக்கீசியம் முதலிய பாஷைகளில் அவருக்கிருந்த பயிற்சி அப்போது கைகொடுத்தது. 1554-ல் லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு வெளிவந்த சிறு நூல் ஒன்றைக் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். முதன்முதல் அச்சேறிய தமிழ் நூல்கள் எவை என்பது பற்றி 1958-ல் 'தமிழ் கல்ச்சர்' பத்திரிகையில் விரிவாக எழுதினார். அந்தாம் தெ ப்ரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679-ல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966-ல் உள்ளபடியே மறுபதிப்பாகக் கொண்டு வந்தார். அண்டிரிக் அடிகளின் அடியார் வரலாறும் இராசமாணிக்கம் அடிகளாரால் பதிப்பிக்கப்பெற்று, 1967-ல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. பரதவரின் பொருளுதவியால் அச்சேறிய புத்தகம், ஏறக்குறைய நானூறு வருஷங்களுக்குப் பின் அவர்கள் கரைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. சலாபத்தில் முத்தெடுப்போருக்கு மேலே கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும் என்பார்கள். அடிகளார் அன்னிய நூல்நிலையங்களில் மூழ்கியபோது கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்றது இக்கழகம்.

இனி, அடிகளாரின் சர்வகலாசாலைப் பணிக்கு வருவோம். 1952 முதல் இலங்கைச் சர்வகலாசாலையில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். இடையில் லண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விக் கொள்கைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1956-ல் இலங்கை அரசாங்கம் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தபோது, தமிழரின் மொழியுரிமைக்காக எழுதினார். கற்றவர்கள் வாளாவிருப்பதே கண்ணியம் என்று அவர் கருதவில்லை. அதே சமயத்தில், உரிமைக்காகப் போராடுவதே போதும், ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றும் அவர் கருதவில்லை.

1961-ல் கோலாலம்பூரிலுள்ள மலாயாச் சர்வகலாசாலையின் இந்தியப் பகுதிக்குத் தலைவராகச் சென்றார். அப்பகுதி ஏற்பட்ட வரலாறும் நாம் அறிய வேண்டியதே. மலாயாச் சர்வகலாசாலையில் இந்தியக் கலைகளைக் கற்பிக்க ஒரு பகுதி அமைக்க வேண்டும் என்ற ஏற்பாடு பிறந்தபோது, அதில் முதலிடம் வடமொழிக்கா, தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தது. மலாயாவுக்குச் சென்று ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியும், இருப்புப்பாதை போட்டும், துறைமுகங்களில் மூட்டை சுமந்தும் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று சிங்கப்பூர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளர்ச்சி செய்தார். வெறுங் கிளர்ச்சியோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியும் திரட்டினார். தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் சிறுசிறு தொகையாக அளித்த பணம் சர்வகலாசாலையில் தமிழ் நூல்கள் சேர்க்கப் பயன்பட்டது. தமிழும் அங்கே நிலைபெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்போர் செய்ததையே இருபதாம் நூற்றாண்டில் மலாயாத் தொழிலாளர் செய்தார்கள்.

மக்கள் பணத்தில் அமைந்த பகுதிக்குத் தலைவராக வந்தவர் அதை மக்களுக்குப் பயன்பட நடத்தக் கடமைப்பட்டவர். அடிகளார் அக்கடமையை மறக்கவில்லை. உலகில் எந்தெந்த நூல்கள் தமிழைப்பற்றி எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடித் தொகுத்து ஒரு வழிகாட்டி நூலை 1966-ல் வெளியிட்டார். மேலே நாம் சொன்ன அகராதி மறுபதிப்பும் இப்பகுதியில் அவர் இருந்த காலத்தில் வந்ததே. இவை கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் வேலைகள் அல்ல. இவற்றைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் ஒரு பாஷையின் ஆராய்ச்சி நடவாது.

1964-ம் வருஷம் ஜனவரி மாதம் புதுடில்லியில் கீழ்த்திசைக் கலை அறிஞர்களின் 26-வது சர்வதேச மகாநாடு கூடிற்று. அங்கு வந்திருந்த தமிழ் ஆராய்ச்சியாளர்களை, பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் முதலியோரின் துணையோடு, அடிகளார் ஒன்று கூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அன்று பிறந்தது. பிலியோசா தலைவர், அடிகளாரும் சுவெலபிலும் செயலாளர்கள். மன்றத்தின் முதல் மகாநாடு 1966 ஏப்ரல் மாதத்தில் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்து வைத்தார். தமிழகத்துக்கு வெளியே, தமிழரல்லாத ஒருவர் பிரதமராக இருந்த ஒரு தேசத்தில், மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பலரும் கூடி வாழும் தலைநகரில், பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்து விவாதித்தார்கள். அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

இரண்டாம் மகாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் கூடியது. அறிஞர் அண்ணாதுரை அப்போது முதல் மந்திரி. மக்கள் லக்ஷக்கணக்கில் திரண்டனர். கடற்கரையில் தமிழ்ப் பெரியோருக்குச் சிலைகள் எழுந்தன. வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய பிற நாட்டவர் மூவரின் சிலைகளும் அவற்றுள் அடங்கும். இம்மகாநாட்டின் தொடர்பாகவே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் அமைந்தது. மூன்றாம் மகாநாடு 1970-ல் பாரிஸ் நகரில், நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். தம் சொந்த நாட்டில் நடந்த அந்த மகாநாடு அடிகளாருக்கு மகிழ்ச்சியோடு தீராத துயரையும் தந்தது. ஜனவரி 10-ந் தேதி மாலை நடந்த பொதுக் கூட்டத்தில் போலீசார் புகுந்து மேற்கொண்ட நடவடிக்கையின் விளைவாக ஒன்பது உயிர்கள் மாண்டன. புலவர்களின் பேச்சைக் கேட்க வந்த குற்றமற்ற மக்கள் அவர்கள். தமிழைப் பற்றிக் கூடிக் கேட்பதற்கும் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டிய நிலை அத்தீவில் வந்துவிட்டது. ஆறு வருஷங்களுக்குப் பின் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடினார். ஐந்தாம் மகாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியபோது, அதற்கு வித்திட்டவர் இல்லை.

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஆராய்ச்சி, மக்கள் வாழ்வு, உலகத் தொடர்பு ஆகிய மூன்றையும் தனித்தனிக் காரியங்களாக எண்ணுவது நமது வழக்கமாகிவிட்டது. ஆராய்ச்சி பட்டதாரிகளுக்கு, மக்கள் வாழ்வு அரசியல் தொண்டர்களுக்கு, உலகத் தொடர்பு மந்திரிகளுக்கு என்று பங்கு போட்டுக் கொண்டோம். அடிகளாருக்கு இம்மூன்றும் ஒரே காரியம். தோட்டத் தொழிலாளியின் காசில்லாமல் நூல்நிலையம் நிறைந்திராது. நூல்நிலையம் இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாமல் பாரிஸிலும் கோலாலம்பூரிலும் நம் சொல்லைக் கேட்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

அவர் பணியில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய முக்கிய நூல்களும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருந்தமையால், எந்தக் கரையிலிருந்து அவை புறப்பட்டனவோ அந்தக் கரையின் மக்கள் அவற்றைப் படிக்க வழியில்லாமற் போயிற்று. 'தமிழ்த்தூது', 'ஒன்றே உலகம்' போன்ற தமிழ் நூல்கள் அக்குறையை ஓரளவே நிறைவு செய்தன. வெளியே தூது அனுப்பியவர்கள், தூதர் கொண்டு வந்த செய்தியை வீட்டில் உள்ளோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அது அவர் ஒருவருடைய குறை அன்று. அவருக்குப் பின் வந்த நம்முடைய குறையே அதில் பெரும்பங்கு.

மற்றொன்றையும் கூறாமல் விட முடியாது. உலகத் தமிழ் மகாநாடு என்ற சொல் இன்று நமக்கு ஊர்வலத்தையும் அலங்கார வளைவுகளையும் முதலில் நினைவூட்டுகிறது. விழா வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. மக்கள் கூடி மகிழ்வது தவறன்று. ஆனால் விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு, எத்தனை பிரதிகள் கண்டுபிடிக்கப்பட்டன, எத்தனை நூல்கள் பதிப்பிக்கப்பட்டன, எத்தனை பிற நாட்டு மாணவர்கள் தமிழ் கற்க வந்தார்கள் என்ற கணக்கும் பார்க்கப்பட வேண்டும். அந்தக் கணக்கில்தான் அடிகளார் நம்பிக்கை வைத்திருந்தார் என்பதை அவர் செய்து முடித்த வேலைகளே காட்டுகின்றன.

முத்துக்குளித்துறையின் சரித்திரம் இன்னும் முழுவதும் எழுதப்படவில்லை. போர்த்துக்கீசியர் எழுதி வைத்தவை லிஸ்பனிலும் ரோமாபுரியிலும் இருக்கின்றன. 1658-ல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் எழுதி வைத்தவை ஹேக் நகரில் இருக்கின்றன. எந்த வருஷம் எந்தப் பாரில் முத்துச் சலாபம் நடந்தது, குளித்தவனுக்குக் கிடைத்தது எவ்வளவு, கம்பெனிக்குச் சென்றது எவ்வளவு என்பனவெல்லாம் அவ்வேடுகளில் தேடத்தக்கவை. அவற்றைப் படிக்கப் போர்த்துக்கீசியமும் டச்சும் அறிந்த தமிழ் இளைஞர்கள் வேண்டும். 1990-ல் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலை இப்பகுதிக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு சர்வகலாசாலையும் இல்லாத காலத்தில் ஒரு சிறு கழகம் செய்து காட்டியதை, இவ்வளவு வசதிகள் பெற்ற நாம் செய்யாமலிருப்பதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

நமது தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் தமிழின் தொன்மையைப் பேசும் ஒவ்வொருவரும், தம் ஊரிலிருந்து ஓர் இளைஞனையேனும் பிற பாஷை ஒன்றைக் கற்று நமது ஏடுகளைத் தேடிவர அனுப்பட்டும். அவன் படிப்புக்கு வேண்டிய பொருளை ஊரார் சிறுசிறு தொகையாகச் சேர்த்துக் கொடுக்கட்டும். பரதவரும் தோட்டத் தொழிலாளரும் செய்ததை நாமும் செய்யலாம். தனிநாயகம் அடிகளாரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய வணக்கம் அதுவே.